எட்டாவது ரீல்

பேயை நான் சைக்கிளில் ஏற்றியிருக்கிறேன்.
தகரப் பெட்டியில், கேரியரில்,
பழைய ட்யூபால் இறுக்கிக் கட்டி
மஞ்சக்குப்பத்திலிருந்து ஓ.டி. வரை
ராத்திரிக்கு மூன்று நடை.
ஒரே பிரிண்ட், இரண்டு கொட்டகை.
அங்கே ஓடி இறங்கிய சூடு ஆறுமுன்
இங்கே மாட்டியாக வேண்டும்.
நடைக்கு ஒன்றேகால் ரூபாய்.

ஆகவே நான் பார்த்த படம் இவ்வளவுதான்:
உப்பளத்து ஓரம் ஒரு வீடு. புதுப்பெண்.
ஆளில்லாத அறை
உள்ளே தாழ் போட்டிருக்கிறது.
ஏழாவது ரீலின் கடைசியில்
தாழ் தானாக விலகும் சத்தம்,
கதவில் அவள் உள்ளங்கை.

எட்டு ஓடும்போது
நான் கெடிலம் பாலத்தில் மிதித்துக்கொண்டிருப்பேன்.
திரும்பி வந்தால் ஒன்பது:
அதே பெண், தலை முழுக்க நரை,
முறத்தில் உப்பை வைத்துப் புடைத்துக்கொண்டிருப்பாள்.
நடுவில் என்ன ஆச்சு என்று
ஆபரேட்டர் அல்போன்ஸைக் கேட்டேன்.
"கார்பன் எரியுதான்னு பார்க்கவே
எனக்கு நேரம் சரியா இருக்கு, போடா."

ஐப்பசியில் ஒரு நாள்
பாலத்து நடுவில் செயின் கழன்றது.
மழை. லாரி கூட இல்லை.
பெட்டி வழக்கத்தைவிடக் கனத்தது.
தண்ணீர் இறங்கியிருக்கும்
என்று சொல்லிக்கொண்டேன்.

இருபது நிமிடம் தாமதம்.
அடி விழும் என்றுதான் போனேன்.
முதல் ஐந்து நிமிடம் விசிலாம்.
அப்புறம் ஒரு சத்தமும் இல்லையாம்.
வெறும் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்களில்
பெஞ்சு டிக்கெட்டுப் பெண் ஒருத்தி
"கதவைச் சாத்துங்கடா" என்று அழுதாளாம்.
கௌஸ் பாய் பெட்டியை வாங்கிக்கொண்டார்,
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பாதிக் கூட்டம் போயிருந்தது.
மறுநாள் மீன் ஏலத்தில்
எட்டாவது ரீலைப் பார்க்காதவர்கள்தான்
கதை சொன்னார்கள், ஆளுக்கு ஒன்று:
தவழ்ந்து வந்த குழந்தை,
செத்த மாமியார்,
அறை முழுக்கக் கடல்.

ஐந்து வாரம் ஓடிப் போனது படம்.
பிறகு எங்கேயும் வரவில்லை, டிவியில் கூட.

போன வாரம் புதுசைப் பார்த்தேன், புதுச்சேரியில்.
சுகிர்தா கூட்டிப் போனாள்.
லாஸ்பேட்டை மாடி ஆபீஸில்
மூன்று மாதம் உட்கார்ந்து
பேய்க்குத் தலை வாரியவள் என் மகள்.
ஒரு நொடிக்கு இருபத்து நாலு தடவை.

எட்டாவது நிமிடமே வந்துவிட்டது பேய்.
அதற்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது,
பறிபோன நிலம், சர்வே நம்பரோடு.
காதலன், ஒரு பாட்டு.
பக்கத்து சீட்டில் "பாவம்" என்றார்கள்.
கதவு திறந்தது.
எல்லாவற்றையும் காட்டினார்கள்.

பழசு உசத்தி என்று சொல்ல வரவில்லை.
அதில் ஆறாவது ரீலில்
பேயின் இடது காலில் ரப்பர் செருப்பு.
வார் அறுந்து ஊக்குப் போட்டது.
ஒவ்வொரு ராத்திரியும் பார்ப்பேன்.

இதில் நான் முடியைத்தான் பார்த்தேன்.
ஈரமாக, கனமாக, நல்ல முடி.
நுனியில் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது.
"உப்புப்பா," காதில் சொன்னாள்,
"டைரக்டர் கேக்கல. நானா வெச்சேன்."
பயப்படக் காசு கொடுத்து உட்கார்ந்தவனுக்கு
தொண்டை அடைத்துக்கொண்டது.

ஸ்கூட்டரில் திரும்பினோம்.
மஞ்சக்குப்பம் தாண்டும்போது கேட்டாள்,
"உங்க படத்துல
கதவைத் திறந்தா என்னப்பா இருக்கும்?"

கெடிலம் பாலம் வந்தது.
வண்டி லேசாகத் திணறியது.
"என்னப்பா, திடீர்னு கனக்கறீங்க?"

பின்சீட்டுக் கம்பியை
இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.
மழைகூட இல்லை அன்றைக்கு.