ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு

பிரஜோற்பத்தி வருஷம், ஆனி.
தாலுகா போர்டில் தீர்மானம் நிறைவேறியது:
செவலூருணி தொடங்கிச் செட்டிநாடு ரயிலடி வரை
மூன்று மைல் நாலு பர்லாங்,
அகலம் இருபத்துநாலடி,
பொதுச் சாலை.

நகல் எடுத்தவன் நான்.
மாதம் பதினெட்டு ரூபாய், ஒரே கோட்டு,
மசி ஊறி நீலம் பாய்ந்த நடுவிரல்.

சட்டத்தில் சாலை இப்படித்தான் பிறக்கும்:
"மூக்கன் வெட்டிய கிணற்றுக்கு வடகிழக்கே
ஒற்றைப் பனையிலிருந்து,
சர்வே நூற்றுப் பதினாலின் தென்வரப்பைத் தொட்டு,
கள்ளிவேலி இடக்கைப் பக்கமாக..."
பொட்டலில் அப்போது ஆட்டுத்தடம் மட்டும் கிடந்தது.
சாலை என் வரியில் இருந்தது.

சர்வேயர் ஞானப்பிரகாசம்
வெயிலேறினால் இரும்பு நீளும் என்று
விடியலில் மட்டும் சங்கிலி இழுப்பார்.
அத்தனை நேர்மையான கோடு
இரண்டாம் மைலில் வளைந்தது.
மோல்மேனிலிருந்து தபால் வந்திருந்தது:
"நம் வீட்டு முகப்பைத் தொட்டுப் போனால்
சரளைச் செலவில் பாதி நம்முடையது.
கார் கப்பலேறிவிட்டது.
பெரி. வீர. நாச்சியப்பன்."
போர்டு யோசித்தது,
டிபன் சாப்பிட்டது,
வளைந்தது.

அடுத்து ஒரு மனு.
மூன்று கையெழுத்து, நாலு கைநாட்டு.
சாலைக்கு ஆட்சேபம் இல்லை.
'பொதுச் சாலை'க்குப் பின்னால் மூன்று சொல் சேர்த்தால் போதும்:
ஊர் வழக்கத்துக்கு உட்பட்டு.
யார் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும்,
யார் எதிரே வந்தால் யார் வரப்பில் இறங்க வேண்டும்,
எவன் குடையை மடக்க வேண்டும்,
ஒன்றும் மனுவில் இல்லை.
எழுதத் தேவையில்லாததற்குத்தானே
வழக்கம் என்று பெயர்.
தலைவர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் கிறுக்கினார்:
சேர்க்கவும்.

கல் நட ஆள் கூட்டிப் போன அன்று
செம்புறாங்கல் கூடையை இறக்காமலே
இருளாயி கேட்டாள்:
"பொதுன்னா யாருங்க?"
"எல்லாரும்" என்றார் ஞானப்பிரகாசம்,
கண்ணாடியைத் துடைத்தபடி.
"எல்லாரும்னா?"
அவர் என்னைப் பார்த்தார்.
நான் சங்கிலியின் கண்ணிகளை எண்ணினேன்.
நூறு. சரியாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி சுத்தப் பிரதி.
அரிக்கேனைச் சுற்றி ஈசல்.
'பொதுச் சாலை' என்று எழுதி
புள்ளி வைத்துவிட்டேன்.
மசி காய்ந்த பிறகு பார்த்தேன்:
மூன்று சொல் இல்லை.
இடைச்செருகினால் சூப்பிரண்டு சுருக்கெழுத்து வேண்டும்.
அவர் காதுகுத்துக்குச் சிவகங்கை போயிருந்தார்.
காலை ஆறரைக்குத் தபால் பை கட்டுவார்கள்.
தூக்கமா துணிவா என்று கேட்காதீர்கள்.
கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

கெஜட்டில் புள்ளியோடு அச்சேறியது.
திருத்தம் கொண்டுவர வைத்த கூட்டத்துக்கு
ஆள் சேரவில்லை.
அதற்கடுத்ததில் குடிநீர்ச் சண்டை.
பிறகு போர்டே கலைந்துபோனது.

சட்டம் வந்த அன்றே
செருப்பு வந்துவிடவில்லை காலுக்கு.
இருளாயி மகன் ரங்கூன் அரிசி ஆலையிலிருந்து
தோல் செருப்போடு ரயிலிறங்கி வந்தான்.
அந்த வளைவில்தான் அடித்தார்கள்.
கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல்
வழக்கம், வழக்கம் என்று அரைமணி பேசினார்.
மாஜிஸ்டிரேட் கெஜட்டைக் கேட்டு வாங்கினார்.
"எங்கே இருக்கிறது?"
பையனின் வக்கீல்
விரலை என் புள்ளியில் வைத்தார்.
தலைக்குப் பதினைந்து ரூபாய் அபராதம்.
கடைசி பெஞ்சில் இருந்த நான்
வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

செட்டியாரின் கார்
பர்மா பணத்தோடு போயிற்று.
வளைவு இருக்கிறது.
புது டிரைவர்கள் அங்கே திட்டிக்கொண்டே
ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள்.
இருளாயி கடைசிவரை ஓரமாகத்தான் நடந்தாள்,
கால் பழகிவிட்டது என்பாள்.
மூக்கன் கிணறு தூர்ந்துவிட்டது.
பனையை எந்த வருஷமோ வெட்டி
யார் வீட்டுக்கோ உத்திரம் போட்டார்கள்.
சட்டப்படி சாலை இன்னும்
அந்தப் பனையிலிருந்துதான் தொடங்குகிறது.