மீசை தேயாத மணல்

கொளத்தூர் கடையில்
நீலம், ரோஸ், கிளிப்பச்சை என்று
பாக்கெட் பாக்கெட்டாகக் கல்.
"இதான்க்கா நல்லா போவுது" என்றான் பையன்.
ஒரு பிடி நீலத்தை அள்ளி
ஈரக்கையில் தேய்த்தேன்.
உள்ளங்கை நீலமாகிவிட்டது.
அவன் மோட்டார் ஒயரைச் சரிசெய்யப் போய்விட்டான்.

என்னிடம் மணல் விற்பது கஷ்டம்.
பதினோரு வருஷமாகச் சலிக்கிறேன்.
பூச்சுக்கு ஒரு சல்லடை, கட்டுக்கு ஒன்று.
இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தால் போதும்,
எவ்வளவு மண் கலந்திருக்கிறதென்று
மேஸ்திரிக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.
மீனுக்கு எது தோது என்று மட்டும்
யாரும் இதுவரை கேட்டதில்லை.

தொட்டி, மாதவரத்தில் இடித்த வீட்டில் கிடைத்தது.
இரண்டடி நீளம். மூலையில் ஒரு கீறல்.
ஏகவல்லிக்குத் தங்கமீன் வேண்டாமாம்,
அடியிலேயே மேய்கிற குட்டிக் கெளுத்திதான் வேண்டுமாம்,
மீசை வைத்தது.

"மணலுக்குப் போய்க் காசா?" என்று
காசிமேட்டிலிருந்து ஒரு கோணி கொண்டுவந்தார் கஜபதி.
கீழே ஃபாஸ்ட் புட் கடையில் வினிகர் வாங்கி
ஒரு ஸ்பூன் ஊற்றினேன்.
சுர்ரென்று நுரைத்தது.
அத்தனையும் கிளிஞ்சல் பொடி.
கரையக் கரைய நம் போர் தண்ணிபோல
தொட்டித் தண்ணியும் தடித்துப்போகும்.
கோணி மாடிப்படிக்கடியில் கிடக்கிறது,
பூனைகளுக்கு ஆயிற்று.

எம்சாண்டையும் பார்த்தேன், சைட்டில் சும்மா கிடைப்பது.
வினிகருக்கு அசையவில்லை. நல்ல பிள்ளை.
கழுவிவிட்டால் போதுமென்றுதான் நினைத்தேன்,
பையன் அந்தக் கடைசித் தொட்டியைக் காட்டும்வரை.

கூர்கல் மேல் நாலு கெளுத்தி.
வாயோரத்தில் மீசை இருந்த இடத்தில்
மொட்டையாக, சிவப்பாக.
"மேஞ்சு மேஞ்சு தேஞ்சுடுச்சுக்கா.
தீனி மூக்குக்கு நேரா கெடந்தாலும்
தெரியாம சுத்துதுங்க."

போன மாசம் ரேஷன் கடை.
பெருவிரல் வைத்தேன். சிவப்பு விளக்கு.
துடைச்சிட்டு வைம்மா என்றார்கள், துடைத்தேன்.
ஆள்காட்டி விரல். இடது கை.
எண்ணெய் தடவிப் பார் என்றாள் பின்னால் நின்றவள்.
பில் போடுகிறவர் என் முகத்தைப் பார்த்தார்,
எட்டு வருஷமாகத் தெரிந்த முகம்.
"மிஷின் ஒத்துக்கலையே, நான் இன்னா பண்றது?"
சாயங்காலம் கஜபதி வந்து விரல் வைத்துத்தான்
அரிசி இறங்கியது.

எம்சாண்டு வேண்டாமென்று விட்டேன்.

பொடி ஆற்றுமணல் பன்னிரண்டு கிலோ.
எந்த ஆறென்று கேட்டேன், பையனுக்குத் தெரியவில்லை.
விரலிடுக்கில் உருட்டினால்
உருண்டு ஓடுகிறது, குத்தவில்லை.
கிலோ இருபத்தைந்து. என் அரைநாள் கூலி.
கஜபதியிடம் நூறு என்று சொல்லியிருக்கிறேன்.

கழுவுவதுதான் பெரிய பாடு.
லாரி வருகிற நாளில்
மண்ணைக் கழுவுகிறவளை வியாசர்பாடி சும்மா விடுமா?
"சோறு வடிக்கத் தண்ணியில்ல, இவ மண்ண குளிப்பாட்டறா"
என்று பவுனம்மா மூன்று மாடிக்கும் கேட்கச் சொன்னாள்.
ஒன்பது வாளி. கலங்கல் தெளிந்ததும்
அத்தனையையும் கக்கூஸுக்கு எடுத்துவைத்தேன்.
அதை அவள் சொல்லமாட்டாள்.

விட்ட அன்று ராத்திரியே
மூக்கைப் புதைத்துக்கொண்டன.
வாயால் அள்ளுகின்றன, செவுள் வழியே
புகைபோல விடுகின்றன, மறுபடி அள்ளுகின்றன.
அவையும் சலிக்கின்றன என்றாள் ஏகவல்லி.

எல்லோரும் தூங்கியபின்
கண்ணாடியில் பெருவிரலை அழுத்தி எடுத்தேன்.
வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது.
ஒரு கெளுத்தி அந்தப் பக்கம் வந்து
மீசையால் தடவிவிட்டுப் போயிற்று.

காலையில் ஏழு மணிக்கு
எம்சாண்டு ஒரு லோடு இறங்குகிறது.
சல்லடை என் பேரில்.