மேல் எல்லை

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே,
ரொட்டி சானாய் கடைக்கு மேல் மாடியில்
உட்கார்ந்து எழுதித் தந்தது நான்தான்:
செம்பனைத் தோட்டத்துக்கு ஒரு சம்பளப் பக்கம்,
பிஎச்பியில்,
ஆபீஸ் மூலையில் கிடந்த
பழைய முப்பத்திரண்டு பிட் கணினிக்கு.
அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம்.
எண்தானே,
'முழு எண்' என்று போட்டேன்.

முதல் நாள் பிரட்டு கலைந்ததும்
கிராணி செகநாதன் போன் செய்தார்.
"தங்கச்சி, மாரிக்கண்ணு நேத்து ஒத்த ஆளா
நூத்தெண்பது டன் குலை வெட்டியிருக்கான்.
யூனியன்ல சொல்லி மாலை போட்டுறலாமா?"

திறந்து பார்த்தேன்.
நூற்றுப் பதினாறு பேர்,
ஒரே எண்:
இருநூற்றுப் பதினான்கு கோடியே
எழுபத்து நான்கு லட்சத்து
எண்பத்து மூவாயிரத்து
அறுநூற்று நாற்பத்தேழு.
அதற்கு மேல் அந்தக் கட்டத்துக்கு எண்ணத் தெரியாது.
பன்னிரண்டு இலக்கத்தோடு யார் வந்து நின்றாலும்
இதையே நெற்றியில் ஒட்டி
உள்ளே தள்ளிவிடும்.
அறுபத்து நாலில் பிறந்த தண்டலும்
அவர் திட்டுகிற பையனும்
ஒரே ஆள்.

தப்பியது இரண்டு பேர்.
இரண்டாயிரம் பிப்ரவரியில் பிறந்த தனேந்திரன்,
முன்னால் இருந்த மூன்று சுழியமும் உதிர்ந்து
எல்லைக்குள் அடங்கிப்போனான்.
இன்னொருத்தி வள்ளிக்கொடி.
அவளுக்கு அட்டையே இல்லை.
இதே தோட்டத்து லயத்தில்தான் பிறந்தாள்,
பிறந்ததை யாரும் போய்ப் பதியவில்லை.
வெற்றுக் கட்டத்தைக் கணினி சுழியம் என்று படித்தது.
சுழியத்தில் அவள் ஒருத்திதான்.
உதிரிப் பழம் பொறுக்கிய நாற்பத்திரண்டு வெள்ளி
காசு பிசகாமல் வந்திருந்தது.

ராத்திரியே திருத்தினேன்.
கூட்டவோ கழிக்கவோ போகாத ஒன்று
எண்ணே இல்லை, எழுத்து.
ஒரு சொல்தான் மாற்றினேன்,
மாரிக்கண்ணுக்குள்ளிருந்து
ஒவ்வொருவராக இறங்கி
அவரவர் வரிசைக்குப் போனார்கள்.
தனேந்திரனுக்கு மூன்று சுழியம் திரும்பக் கிடைத்தது.
இனி ஒன்றும் தவறக்கூடாது என்று
கூடவே ஒரு வரி:
பன்னிரண்டு இலக்கம் கட்டாயம்.

மறுநாள் பத்தரைக்கு மறுபடியும் போன்.
பின்னால் லோரி உறுமுகிறது.
செகநாதன் சிரிக்கவில்லை.
"வள்ளிக்கொடி பேரைப் போட்டா
செவப்பா காட்டுது, தங்கச்சி.
செல்லாதுன்னு வருது.
ஆள் இங்கதான் நிக்குது.
என்ன போடட்டும்?"