நூற்றுக்கு நாற்பது

முத்தியால்பேட்டை அர்லேத்
தீப்பெட்டிப் படங்களைப்
பிஸ்கட் டின்னோடு தந்தபோது
நூற்றுக்கு நாற்பது என்றேன்.
பத்து ரூபாய்ப் படத்துக்கும்
நாலு போட்டோ, ஒரு அட்டை,
தபாலாபீஸ் வரிசை.
சரி தம்பி என்றார். தாளில் கையெழுத்தும் போட்டார்.

அடியில் ஒட்டிக் கிடந்தது
முனை மழுங்கிய பிரெஞ்சிந்தியத் தபால்தலை ஒன்று.
நேற்றிரவு பதினெட்டாயிரத்துக்குப் போனது.

அதற்கும் நாலு போட்டோ,
அதே அட்டை,
அதே வரிசை.

கால்குலேட்டரில் ஏழாயிரத்து இருநூறு.
அழித்துப் பதினைந்து போட்டேன்:
இரண்டாயிரத்து எழுநூறு.
அதையும் அழித்தேன்.
தகரத் துருவை ஊதி
அது என்னவென்று கண்டது
என் கண்தானே?

போன் செய்து விலையைச் சொன்னேன்.
சதவீதத்தைச் சொல்லவில்லை.
மறுமுனையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.
"சரி, டின்னையாவது
முழுசாக் குடுத்துடு தம்பி."