அறுநூற்றைம்பது மணி நேரம்

இரவு இரண்டே முக்கால்.
நான்காம் படுக்கையின் சொட்டு மருந்து தீர
இன்னும் இருபது நிமிடம்.
அதற்குள் திறந்து வைத்திருக்கிறேன்
ஏழு பல்கலைக்கழகங்களை.

ஏழிலும் ஒரே பெண் சிரிக்கிறாள்.
கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், மடியில் கணினி,
பக்கத்தில் ஆவி பறக்கும் காபி.
அவள் காலணியில் கறையே இல்லை.
என் காலணியில் இருப்பது என்னவென்று
குனிந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இன்ஜின் உறைந்துவிடாமல்
வண்டிகளை மின்கம்பியில் கட்டிப் போட்டிருக்கிறோம்
மாடுகளைப் போல.
மொன்டானாவின் கிழக்கு மூலை,
பதினான்கு படுக்கை.
டாக்டர் வார்ட்ரப் வியாழன்தோறும் வருவார்,
பனி சம்மதித்தால்.
மற்ற நாட்களில் திரையில் வருவார்.
பெரும்பாலும் நெற்றி மட்டும்.

முதல் பல்கலைக்கழகம் மலிவு. பதினாறே மாதம்.
பிரென்ட் என்றொருவன்
ஒரே நாளில் நான்கு முறை அழைத்தான்.
நான்காவது அழைப்பின்போது
இறந்துபோன ஒருவரின் முதுகைத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.
இந்த வாரமே சேர்ந்தால்
விண்ணப்பக் கட்டணம் கிடையாது என்று
பதிவாகியிருந்தது அவன் குரல்.

இரண்டாவதற்கு அங்கீகாரம் பரிசீலனையில் இருக்கிறதாம்.
என் தம்பி கைலின் கல்யாணமும்
ஆறு வருடமாய்ப் பரிசீலனையில்தான்.

மூன்றாவதன் கட்டணத்தைக்
கையுறைப் பெட்டியின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்.
வந்த விடை:
வீட்டின் கூரை, டோபினின் பல் கம்பி,
அதற்கு மேல் ஒரு டிராக்டரின் பாதி.
பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்,
கையுறைகள் மேசையெங்கும் சிதறின.

எல்லாவற்றிலும் அடியில், எறும்பு எழுத்தில்:
நேரடிப் பயிற்சி அறுநூற்றைம்பது மணி நேரம்.
பயிற்றுவிப்பவரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்.

தேடலாம்.
தொண்ணூறு மைல் வட்டத்தில் இருப்பது
ஃபே டெமரே ஒருத்திதான்.
அவளிடம் ஏற்கெனவே இரண்டு பேர்,
வரிசையில் இன்னும் மூன்று பேர்.
மன்னிப்புக் கேட்டபடியே சொன்னாள்,
அவளே மதியச் சாப்பாட்டை
மாலை ஐந்து மணிக்குத் தின்றுகொண்டு.

போன செவ்வாய்
சர்க்கரைக் கிழங்கு லாரி ஓட்டும் ஒருத்தி
மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
காதில் சீழ். அறுபது மைல், புயலுக்கு நடுவே.
அவள் அவனது குல்லாயைக் கழற்றுவதற்குள்
எடைக்கு எத்தனை மில்லி என்று
என் தலைக்குள் கணக்கு முடிந்திருந்தது.
திரையில் டாக்டர் வரவில்லை.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
மருந்து அலமாரியில், சாவி என் இடுப்பில்,
இரண்டு மணி பத்து நிமிடம்
அவன் அழுதுகொண்டே இருந்தான்.
தலையெழுத்து என்று ஆறிக்கொள்ளலாம்.
இல்லை.
வெறும் கையெழுத்து.

ஐந்தாவதை நான்தான் அழைத்தேன்.
எடுத்தவள் அட்டை எண் கேட்கவில்லை.
பனிக்காலத்தில் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்றாள்.
பயிற்சிக்கு ஆள் பிடிப்பது எங்கள் பாடு,
ஆனால் ஒரு வருடம் இழுக்கலாம் என்றாள்.
தேறியவர்களின் கணக்கைச் சொன்னாள்.
பிறகு, நான் கேட்காமலே,
பாதியில் விட்டுப் போனவர்களின் கணக்கையும்.

அந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான்.

மூன்றரை வருடம். மலிவுமில்லை.
எனக்கு நாற்பத்தொன்று,
மருந்தியல் என்றாலே இன்றும் வயிற்றைக் கலக்கும்.
ரஸ்ஸிடம் சொன்னபோது அவன் ஒன்றும் பேசவில்லை.
மறுநாள் கொட்டகையில் கிடந்தன
யாரிடமோ பழையதாய் வாங்கிய
நான்கு பனி டயர்கள்.

விண்ணப்பத்தின் கடைசிப் பெட்டி கேட்கிறது:
ஏன் இந்தப் படிப்பு? ஐந்நூறு சொற்களில்.
சேவை என்று தொடங்கி அழித்தேன்.
கனவு என்று எழுதி, சிரிப்பு வந்து, அதையும்.
பிறகு எழுதினேன்:
காது.

இன்னும் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பாக்கி.
நான்காம் படுக்கை இயந்திரம்
கூப்பிடத் தொடங்கிவிட்டது.