எழுத்துக்கு ஒன்பது டாலர்

வார்ப்பாலைக் கடிதம் நாலே வரி.
வெண்கலம். பதினெட்டுக்கு இருபத்து நான்கு அங்குலம்.
எழுத்துக்கு ஒன்பது டாலர்.
இடைவெளிக்குக் காசில்லை.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஏழு மடக்கு நாற்காலி,
தெல்ஃபீன் சுட்டு வந்த புளூபெர்ரி கேக்,
வெந்நீர்க் குழாய்க்குள் யாரோ தட்டுவது போல் ஒரு சத்தம்.
குறிப்பெடுப்பவள் நான்.
எனக்கு வாக்கு கிடையாது, பென்சில் உண்டு.

முதலில் விழா.
ஜூன் இரண்டாம் சனிக்கிழமை.
பள்ளிக்கூடத்துப் பித்தளை வாத்தியக் குழு
(மூன்று மெட்டுதான் தெரியுமாம், போதும்).
பிள்ளைகளுக்கு வாளி கைமாற்றும் போட்டி,
சிந்தாமல் நிரப்பும் அணிக்குச் சிவப்புத் தொப்பி.
மண்ணில் புதைத்து இரவெல்லாம் வேகவைத்த பீன்ஸ்.
குழி வெட்டுவது யார் என்பதில்
இருபது நிமிடம் போயிற்று.

பிறகு பலகை.
வின்ஸ்லோ எழுந்து நின்று வாசித்தார்:
'ஊராரின் தளராத முயற்சியால் காப்பாற்றப்பட்டது.'
வங்கியில் வேலை பார்த்தவர். விரல் மடக்கி எண்ணினார்.
தளராத, முப்பத்தாறு டாலர்.
காப்பாற்றப்பட்டது, தொண்ணூறு.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.
தேதி சரிபார்க்கப் போனவள்
நகர மன்றத்தில் அடைத்துக்கொண்ட ஒரு மேசை அறையை
உலுக்கி இழுத்ததைச் சொன்னேன்.

1971. ஐந்துக்கு இரண்டு.
தீயணைப்பு நிலையத்தை இடித்து
முப்பத்தொரு காருக்கு இடம் செய்யத் தீர்மானம்.
உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்தாகி,
உறையிலிட்டு ஒட்டி,
எட்டு சென்ட் தபால்தலையும் ஒட்டி
அறைக்குப் பின்னால் விழுந்து கிடந்தது.
இடிக்க வேண்டியவர்கள் வரவே இல்லை.
அடுத்த ஆண்டு மில் மூடிக்கொண்டது.
நிறுத்துவதற்குக் காரும் இல்லை.

அன்றைய எழுத்தர் ஒடெட் பெல்ஃப்ளூர்.

எல்லோரும் ஆர்மானைப் பார்த்தோம்.
அவர் வாயில் கேக்.
விழுங்கும்வரை காத்திருந்தோம்.

'அம்மா வீராங்கனை எல்லாம் இல்லை.
மறதிக்காரி.
ஒரு ஞாயிறு என்னையே
தேவாலயத்தில் விட்டுவிட்டு வந்து
சூப்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.'

'மதியச் சாப்பாடு தினமும்
அந்தக் கோபுரம் தெரியும் ஜன்னலில்தான்,' என்றாள் தெல்ஃபீன்.
'ஈரக் குழாய்களை உலரத் தொங்கவிடுவதைப்
பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள்.'

'அங்கேதான் வெயில் வரும்.'

உறை மேசை நடுவில் கிடந்தது.
திறக்கலாமா? மூன்றுக்கு மூன்று.
திறக்கவில்லை.
பசையை நக்கி ஒட்டிய நாக்கு
தெரிந்து மறந்ததா, மறந்தே மறந்ததா,
காகிதத்துக்குத் தெரியாது.

'பட்டது' என்ற சொல்லை நான் நெடுநேரம் பார்த்தேன்.
எவ்வளவு வசதி.
யாரால் என்று கேட்காது.
துணிச்சலையும் ஞாபக மறதியையும்
ஒரே கதவு வழியாக உள்ளே விட்டுவிடும்.
அந்த வசதிக்குத் தொண்ணூறு டாலர்
கொஞ்சம் அதிகம்தான்.

இரவு பத்தரைக்கு மிஞ்சியது இது:
தீயணைப்பு நிலையம், 1889.
1971இல் இடிக்க உத்தரவு.
போய்ச் சேரவில்லை.

கடைசி வரிக்கு எழுபத்திரண்டு.
வின்ஸ்லோவின் முகம் விழுந்துவிட்டது.
குழுவின் பெயர்களாவது வேண்டாமா?
பலகையின் பின்பக்கம், சுவரோடு ஒட்டும் பக்கம்,
ஆணியால் கீறிக்கொள்ளலாம் என்றார் ஆர்மான்.
அதற்குக் காசில்லை.
கீறிக்கொண்டோம். நானும்.

சனிக்கிழமை மழை.
ஞாயிறும் மழை, இருந்தும் நடத்தினோம்.
வாளிகள் தானாகவே நிரம்பின,
தொப்பி யாருக்கென்று இன்றுவரை வழக்கு.
பீன்ஸ் குழிக்கு மேல் கதவொன்றைப் பிடித்தபடி நாலு பேர்.
மேயர் திரையை இழுக்குமுன் காற்று இழுத்துவிட்டது.

ஆர்மான் அதைப் பார்க்கவில்லை.
கார் நிறுத்த இடம் கிடைக்காமல்
ஊரை மூன்று முறை சுற்றிவிட்டு
தொழுவத் தெருவின் கோடியிலிருந்து
குடையில்லாமல்,
அம்மாவைத் திட்டிக்கொண்டே
நடந்து வந்துகொண்டிருந்தார்.