அரை லிட்டர் குளிர்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பல் டாக்டர் பிரிமலாவுக்கு
மாதம் ரெண்டு தடவை
அரை லிட்டர் குளிர் கொடுக்கிறேன்.
திருட்டு இல்லை. ரசீது உண்டு.

பைக்கின் பின்னால் கட்டிய கேனில்
ஜெர்சிக் காளை ஒன்றின்
நாற்பது கன்றுகள்
ஈர்க்குச்சி கனத்தில் உறங்கும்.
திறந்தால் புகை. உள்ளே
பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு.
குலசேகரம், களியல், அருமனை:
ராத்திரி எந்த வீட்டுப் பசு கத்திற்றோ
விடிந்ததும் அந்த வீட்டில் நான்.

மாட்டுக்கு வந்த நைட்ரஜன்தான்
மனுஷ ஈற்றுக்கும்.

அன்று நாற்காலியில் இருந்தவள் வினிஷா.
ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு.
"சிரிச்சு நிக்கணும், ஆனா
அந்தக் கறுப்பு தெரியப்பிடாது"
சூப்பர்வைசர் சொன்னாராம்.
ரெண்டு நாள்
கண்ணாடி முன்னால் பயிற்சி செய்துவிட்டு
மூன்றாம் நாள் சீட்டுப்பணத்தோடு வந்துவிட்டாள்.

நாவல்பழம் தின்ற வாய்போல இருந்தது மேல் ஈறு.
அழகாகத்தான் இருந்தது.
என்னிடம் யார் கேட்டார்கள்.

பசுவின் உதட்டைப் பிரித்து
வயசு சொல்லுகிறவன் நான்.
கறுத்த ஈற்றுக்காக
ஒரு வியாபாரியும் நூறு ரூபாய் குறைத்ததில்லை.
பசுவுக்கு மேலே முன்பல்லே கிடையாது.
சிரி என்று அதை யாரும் சொல்வதும் இல்லை.

உதவிக்கு வரும் பெண் அன்று லீவு.
"ஒண்ணு முதல் முப்பது வரை
நீங்களே எண்ணுங்க சேவியர்" என்றார் டாக்டர்.
பஞ்சு முக்கினார். அது சீறியது.
ஈற்றில் வைத்ததும்
வைத்த இடம் மட்டும் பனி விழுந்த மாதிரி வெளுத்தது.
ஏழு, எட்டு, ஒன்பது.
தொழுவத்திலும் நான் முப்பதுதான் எண்ணுவேன்,
உறைந்த குச்சியை இளஞ்சூட்டு நீரில் போட்டு.
அங்கே முப்பதில் ஒன்று கண் விழிக்கும்.
இங்கே என்ன ஆகும் என்று தெரியாமல்
பதினெட்டில் தடுமாறி
மறுபடி பதினேழு சொன்னேன்.

பஞ்சை எடுத்ததும் அவள் கேட்டாள்,
வாய் திறந்தபடி, வெறும் உயிரெழுத்துகளில்.
டாக்டர் மொழிபெயர்த்தார்:
காளைக்கு வலிக்குமான்னு கேக்கா.
"காளை இங்க இல்ல மக்களே,
அது எங்கயோ மலையில புல்லு தின்னுது."

பதினாலு மாதம் போயிற்று.

அருமனை தாண்டி ஒரு ரப்பர் விளை.
ஐந்தரை மணி, சாறல்.
கயிறு பிடித்து நின்றது அவள்.
"எத்தனாவது ஈத்து?"
"ரெண்டாவது."
பிறகு டார்ச்சை என் முகத்தில் அடித்து
"பதினேழை ரெண்டு மட்டம் எண்ணினவராக்கும்!"

சொல்லிக்கொண்டே இருந்தாள்.
நாலு நாள் ஆறின கஞ்சி.
அப்புறம் சிரட்டையிலிருந்து ஒட்டுப்பால் உரிகிற மாதிரி
வெள்ளையாக உரிந்ததாம்.
அடியில் சாம்பக்காய் நிறம்.
கடைக்கு வந்தவர்கள்?
"சேலையப் பாத்தாவ. வேற எதப் பாப்பாவ."
சூப்பர்வைசர் கத்தாருக்குப் போயாச்சு.

வால் சுழன்று என் கன்னத்தில் சாணி.
அவள் சிரித்தாள், சும்மா, முழுசாக.
வெளிச்சத்தில் பார்த்தேன்:
ரெண்டு பல்லுக்கு நடுவே, அந்தச் சிவப்பில்,
கடுகளவு கறுப்பு.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"வருது. டாக்டர் அப்பவே சொன்னாவ,
வந்தாலும் வரும்னு."
"இன்னொரு அரை லிட்டர் கொண்டு வரட்டா?"
"மொதல்ல பசுவுக்குச் சினை பிடிக்கட்டும்."

கேனை மூடினேன்.
திறக்காமல் வைத்தாலும் அது குறைந்துகொண்டுதான் இருக்கும்.
நோட்டில் எழுதினேன்: நாட்டுக் கலப்பு, கறுப்பு,
நெற்றியில் பொட்டு.

"கன்னு என்ன நெறத்துல வரும்?"

காளை செம்மண்.
தாய் இப்படி.
பந்தயம் கட்டமாட்டேன் என்றேன்.